ஆர்.வி. என்ற வீட்டு வண்டியில் குடியேறினால் வாடகை மிச்சமாகுமா? யாரும் தேடி வராமல் இருக்க முடியுமா?

வாடகைவாசி எழுதியது:

வணக்கம். 34 வயதுப் பெண். ஆஸ்டின் பக்கம் ஒரு படுக்கையறை அபார்ட்மென்டில் தனியாக இருக்கிறேன். வாடகை 1,640 டாலர். கரண்ட், தண்ணீர், இன்டர்நெட், பார்க்கிங் எல்லாம் சேர்ந்தால் மாதம் இரண்டாயிரத்தைத் தொடுகிறது. வேலை முழுக்க வீட்டிலிருந்தே. ஜூன் மாதம் லீஸ் முடிகிறது. அதைப் புதுப்பிக்காமல் ஒரு ஆர்.வி. வாங்கி அதிலேயே குடியிருக்கலாமா என்று நான்கைந்து மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். 12 வருடம் ஓடிய 27 அடி கிளாஸ் சி (ஓட்டுநர் இருக்கைக்கு மேலும் படுக்கை இருக்கும் வகை) ஒன்று 36,000 டாலருக்கு வருகிறது.

காரணம் இரண்டு. ஒன்று பணம். வருடம் 24,000 டாலர் கையைவிட்டுப் போவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிது. முன்பு பழகிய ஒருவர் போன வருடம் சொல்லாமல் கொள்ளாமல் என் வாசலில் வந்து நின்றார். நான் முகவரி கொடுக்கவே இல்லை. பிறகு தேடிப் பார்த்தால், இணையத்தில் என் பெயரைத் தட்டினாலே இப்போதைய முகவரி, முந்தைய முகவரி, என் அக்கா பெயர் வரைக்கும் வரிசையாக வந்து நிற்கிறது. அன்றிலிருந்து காலிங் பெல் அடித்தாலே வயிற்றைப் பிசைகிறது. நிலையான முகவரி என்று ஒன்றே இல்லாவிட்டால் யாரும் என்னைத் தேடி வர முடியாதல்லவா?

இதில் வாழ்ந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். யூடியூபில் அழகான பக்கம் மட்டும்தான் தெரிகிறது.

மணல்மேடு எழுதியது:

தங்கச்சி, நானும் என் வீட்டுக்காரரும் நான்கரை வருடமாக 29 அடி கிளாஸ் சி-யில்தான் இருக்கிறோம். வேறு வீடு கிடையாது. முதல் நாளிலிருந்து செலவு நோட்டு எழுதி வருகிறேன். அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் வருடம் எங்களுக்கு ஒரு காசு மிச்சமாகவில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் நான்கு நாளைக்கு மேல் ஓரிடத்தில் நிற்கவில்லை. 17,000 மைல் ஓட்டியிருக்கிறோம். எங்கள் வண்டி கேலனுக்கு 9 மைல்தான் கொடுக்கும். பெட்ரோலுக்கு மட்டும் 6,800 டாலர். கேம்ப்கிரவுண்டில் இரவுக்கு 45, 60 என்று கொடுத்தது 11,000-ஐத் தாண்டியது. அப்புறம் ஆறு டயரும் மாற்ற வேண்டி வந்தது. டயர் பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் செய்த வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நான்கு இலக்கம் இருக்கும். அதைப் படித்தால் ஒன்பது வருடம் பழையது. ஆர்.வி. டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் வெடிக்கும். அதே வருடம் தண்ணீர் புகாமல் அடைக்கும் கூரை ஓரத்துச் சீலன்ட் விரிந்து, படுக்கைக்கு மேலே தண்ணீர் இறங்கி, அதைச் சரிசெய்ய 4,200. ஆக மொத்தம், மருத்துவக் காப்பீடு சேர்க்காமலே, அந்த வருடம் இரண்டு பேருக்கும் 41,000 டாலர்.

மூன்றாவது வருடம் அதே வண்டி, அதே இரண்டு பேர், 19,000 டாலர். ஓட்டியது 5,400 மைல் மட்டும்.

என்ன மாறியது என்றால், நிற்கக் கற்றுக்கொண்டோம். குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் லா போசா என்ற இடத்தில் இருந்தோம். கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறை, எல்லோரும் பி.எல்.எம். என்று சொல்வார்களே, அவர்கள் நடத்தும் நீண்டகாலத் தங்குமிடம் அது. செப்டம்பர் 15-லிருந்து ஏப்ரல் 15 வரைக்கும் சேர்த்து ஒரே அனுமதிச் சீட்டு. நாங்கள் கட்டியது 180 டாலர். ஏழு மாதத்துக்கு! தண்ணீர் பிடிக்கும் இடமும், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனும் அதிலேயே அடக்கம். கோடையில் மலைப்பக்கம் ஒரு வனத்துறை கேம்ப்கிரவுண்டில் ஹோஸ்ட் வேலை, அதாவது தங்க வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை, பார்த்தோம். வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வேலை, அதற்கு ஈடாக இடமும் கரண்டும் இலவசம்.

ஆனால் 180 டாலருக்கு என்ன கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரண்ட் இணைப்பு கிடையாது. தண்ணீர்க் குழாய் வண்டிக்குப் பக்கத்தில் கிடையாது. எங்கள் தொட்டி 40 கேலன். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு கேலன் என்று வைத்தால் ஐந்தாம் நாள் வற்றிவிடும். வண்டியைக் கிளப்ப மனசில்லாமல் ஆறு கேலன் நீலக் கேனில் தண்ணீர் கொண்டு வருவோம். ஒரு கேன் ஐம்பது பவுண்டு கனம். அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, புனலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஊற்றும்போது காற்றடித்தால் பாதி மணலுக்குப் போகும். தட்டைத் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறேன். தலைக்குக் குளிப்பது வாரம் இரண்டு முறை. இது உங்களுக்குச் சரிப்படுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். எனக்குப் பழகிவிட்டது. அந்த வானத்துக்காகவே நான் இன்னும் பத்து வருடம் கேன் தூக்குவேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அக்கா சொன்ன நோட்டுக் கணக்கு தங்கமானது. அதோடு நான்கு விஷயம் சேர்க்கிறேன். வாடகையையும் கேம்ப்கிரவுண்ட் கட்டணத்தையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில், வண்டியின் தேய்மானம். 36,000-க்கு வாங்குவதை நான்கு வருடம் கழித்து 20,000-க்கு விற்றால் மாதம் 330 டாலர் சத்தமில்லாமல் போயிருக்கிறது. கடனில் வாங்கினால் வட்டியும் சேரும். வீட்டைப்போல் ஆர்.வி.க்கு விலை ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து, இன்ஷூரன்ஸ். அதிலேயே குடியிருக்கிறேன் என்று சொல்லித்தான் எடுக்க வேண்டும். ‘ஃபுல்-டைமர்’ பாலிசி என்று தனியாக உண்டு. விடுமுறைக்கு மட்டும் ஓட்டுகிறேன் என்று மலிவான பாலிசி எடுத்துவிட்டு நஷ்டஈடு கேட்கும்போது உண்மை தெரிந்தால் கைவிரித்துவிடுவார்கள். புது வண்டி வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: முழுநேரம் வசித்தால் வாரன்டி செல்லாது என்று பல தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது மருத்துவக் காப்பீடு. கம்பெனி தரும் திட்டம் நாடு முழுக்கச் செல்லும் என்றால் கவலை இல்லை. சந்தையில் நீங்களே வாங்குவதாக இருந்தால் கவனம். அந்தத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு மாநிலத்து மருத்துவர் வட்டத்துக்குள் அடங்கியவை. டெக்சாஸ் திட்டத்தை வைத்துக்கொண்டு ஒரெகானில் முதுகு வலித்தால் அவசர சிகிச்சை தவிர மற்றதெல்லாம் உங்கள் தலையில்.

நான்காவது, பழுது பார்க்கும் நாட்கள். வண்டி பட்டறைக்குப் போனால் உங்கள் வீடே பட்டறைக்குப் போகிறது. பாகம் வரும்வரை மோட்டலில்தான் படுக்க வேண்டும். ரிப்பேர் பில்லோடு மோட்டல் பில்லும் வரும். கையில் 10,000 டாலர் தனியாக இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

இவ்வளவும் போட்டுப் பார்த்தும், தனி ஆள், மெதுவாக நகர்கிறவர் என்றால் மாதம் ஐந்நூறு அறுநூறு மிச்சமாகலாம். வேகமாக நகர்கிறவருக்கு அபார்ட்மென்டே மலிவு.

வாடகைவாசி எழுதியது:

மணல்மேடு அக்கா, மிக்க நன்றி. தண்ணீர்க் கேன் பத்தியை இரண்டு முறை படித்தேன். கணக்குப்பிள்ளை அண்ணா, மோட்டல் செலவு என் தலையில் தோன்றவே இல்லை.

இரண்டாவது கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்களேன். முகவரி இல்லாமல் இருப்பது நடைமுறையில் முடியுமா? லைசென்ஸ், பேங்க் இதெல்லாம் எப்படி?

தபால்பெட்டி எழுதியது:

முகவரியே இல்லாமல் இருக்க முடியாது. தூங்கும் இடமும் முகவரியும் வேறு வேறாக இருக்க முடியும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

முழுநேர ஆர்.வி. ஆட்கள் பெரும்பாலும் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா இந்த மூன்றில் ஒன்றைச் சொந்த மாநிலமாக வைத்துக்கொள்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது, தபாலை வாங்கி அனுப்பிவைக்கும் நிறுவனங்களும் நிறைய. தெற்கு டகோட்டாவில் ஒரு இரவு தங்கிய ரசீதைக் காட்டியே பயணிகள் லைசென்ஸ் வாங்குவது பிரபலமான வழி. நீங்கள் ஏற்கெனவே டெக்சாஸ்தான். அங்கேயே லிவிங்ஸ்டன் ஊரில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கம் உறுப்பினர்களுக்குப் பல வருடமாகத் தபால் சேவை நடத்துகிறது. மாநிலம் மாற வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை.

சரி, இப்போது இதன் மறுபக்கம். அப்படி ஒரு நிறுவனத்திடம் தபால் பெட்டி வாங்க, தபால் துறையின் 1583 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். இரண்டு அடையாளச் சான்று காட்ட வேண்டும். உங்கள் உண்மையான வீட்டு முகவரியையும் அதில் எழுத வேண்டும். அந்தப் பெட்டி எண் யாருடையது என்பது தபால் துறைக்குத் தெரியும். பேங்க் இன்னும் கறார். 2001 பேட்ரியாட் சட்டத்தின் 326-ஆவது பிரிவின்படி கணக்கு திறக்கிறவரின் வசிப்பிட முகவரியோ தொழில் முகவரியோ அவர்கள் வாங்கியாக வேண்டும். தபால் நிறுவனத்தின் முகவரியைக் கொடுத்தால் அவர்கள் கணினியே ‘இது வணிகத் தபால் முகவரி’ என்று காட்டிக்கொடுத்துவிடும். என் கணக்கு ஒன்று இப்படித்தான் ஆறு வாரம் முடங்கிக் கிடந்தது. சம்பளம் அதற்குள் போய் மாட்டிக்கொண்டது. அண்ணன் வீட்டு முகவரியைக் கொடுத்த பிறகுதான் திறந்தார்கள். வீடே இல்லாதவர் நெருங்கிய உறவினர் ஒருவரின் முகவரியைத் தரலாம் என்று விதியிலேயே இடம் இருக்கிறது, ஆனால் கிளையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே அரசாங்கத்துக்கும் பேங்குக்கும் தெரியாமல் வாழ ஆர்.வி. வழி அல்ல. ஆனால் உங்கள் பயம் அரசாங்கத்தைப் பற்றியது இல்லையே. பெயரைத் தட்டினால் முகவரியைக் காட்டும் தளங்களில் இனி அந்தத் தபால் பெட்டியின் முகவரி வரும். அங்கே ஒருவர் போய் நின்றால் ஒரு கவுன்டர்தான் இருக்கும், நீங்கள் இருக்க மாட்டீர்கள். இது நிஜமான பாதுகாப்பு, சின்ன விஷயம் இல்லை.

ஒன்று மட்டும் அவசியம் செய்யுங்கள். பின்தொடர்கிறவர்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு முகவரி ரகசியத் திட்டம் என்று டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் அரசே நடத்துகிறது. மாற்று முகவரி ஒன்று தருவார்கள். அதை அரசு அலுவலகங்கள் ஏற்றுக்கொள்ளும். உங்கள் நிலைமை அதற்குத் தகுதி பெறுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆர்.வி. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கேளுங்கள்.

புதுவரவு_டல்லஸ் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன், எனக்கும் வீட்டிலிருந்து வேலை. இதே மாதிரி ஊர் ஊராகப் போகலாமா? மேனேஜர் ஆட்சேபணை இல்லை என்கிறார்.

தபால்பெட்டி எழுதியது:

தம்பி, மேனேஜர் சொன்னால் போதாது. வேலை செய்யும் இடம் உங்கள் எல்.சி.ஏ.வில் (விசாவுக்காகக் கம்பெனி தொழிலாளர் துறையிடம் கொடுக்கும் விண்ணப்பம்) எழுதியிருக்கும். அந்தப் பெருநகர வட்டாரத்துக்கு வெளியே நிலையாக மாறினால் கம்பெனி திருத்திய மனு போட வேண்டும் என்று 2015-இல் சிமியோ வழக்கில் தெளிவாக்கிவிட்டார்கள். குறுகிய காலத்துக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் அது சில வாரங்கள்தான், வருடம் முழுக்கச் சுற்ற முடியாது. அதோடு குடியுரிமை இல்லாதவர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் சேர்த்துத்தான், வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏ.ஆர்.-11 படிவத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். நம் ஆட்கள் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. விடுமுறைக்கு ஆர்.வி. எடுத்துச் சுற்றுங்கள், தாராளமாக. குடியேறுவதற்கு முன் கம்பெனியின் குடிவரவு வக்கீலிடம் எழுத்தில் வாங்குங்கள்.

வாடகைவாசி, உங்களுக்கும் சேர்த்து ஒரு வரி: வேறு மாநிலத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் அந்த மாநிலம் அந்த நாட்களின் சம்பளத்துக்கு வரி கேட்கலாம். கலிபோர்னியா நிச்சயம் கேட்கும். கம்பெனியிடம் சொல்லாமல் கிளம்பாதீர்கள்.

நெடுவழி எழுதியது:

பதினோரு வருடமாக ரோட்டில் இருக்கிறேன். தனியுரிமை என்று பேச்சு வந்ததால் ஒரு வழக்கைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஆர்.வி.யில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய வழக்கு.

1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன கலிபோர்னியா எதிர் கார்னி. சான் டியேகோ நகரத்தின் நடுவே ஒரு பார்க்கிங் இடத்தில் ஒரு மோட்டார் ஹோம் நின்றிருந்தது. கூட்டாட்சி அரசின் போதைப்பொருள் தடுப்புத் துறை அதிகாரிகள் வாரன்ட் இல்லாமல் உள்ளே ஏறிப் பார்த்தார்கள். அது கார்னிக்கு வீடு மாதிரிதானே, வாரன்ட் வேண்டாமா என்பது கேள்வி. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நீதிபதிகள் வாரன்ட் வேண்டாம் என்றார்கள். சக்கரம் இருக்கிறது, எந்த நிமிடமும் ஓட்டிக்கொண்டு போய்விடலாம், சாலை விதிகளுக்குக் கட்டுப்பட்ட வண்டி, ஆகவே கார் மாதிரிதான் பார்க்க வேண்டும் என்பது பெரும்பான்மையின் வாதம். தக்க முகாந்திரம் வேண்டும், அது போதும். இன்று அபார்ட்மென்டில் உங்கள் கதவுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு, நாளை உங்கள் வண்டிக் கதவுக்கு அந்த அளவுக்கு இருக்காது.

ஒரு நுணுக்கம் உண்டு. வண்டி கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கிறதா, தண்ணீர், கரண்ட் இணைப்பு இருக்கிறதா, பொதுச் சாலைக்கு உடனே போக முடியுமா என்பவற்றையெல்லாம் பார்த்து, வேறு சூழலில் அது வீடாகக் கருதப்படலாம் என்று அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பே விட்டுவைத்திருக்கிறது. அதனால் ஆர்.வி. பார்க்கில் (கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டிகளை நிறுத்தவிடும் இடம்) முழு இணைப்போடு நிற்கும் வண்டிக்கு வாதாட இடம் உண்டு. நடுரோட்டோரம் நிற்கும் வண்டிக்கு மிகக் குறைவு.

எனக்கு இதுவரை இரண்டே முறைதான் ராத்திரியில் கதவு தட்டியிருக்கிறார்கள். ஒருமுறை ஒரு காட்டுச் சாலையோரம். இரவு பதினொன்றரை. டார்ச் வெளிச்சம் திரைச்சீலை விளிம்பில் கோடு கோடாக ஓடியது. நான் கதவைத் திறக்காமல் ஓட்டுநர் பக்கத்து ஜன்னலை நான்கு விரல்கடை இறக்கிப் பேசினேன். தங்கும் நாட்கள் முடிந்துவிட்டதா என்று கேட்க வந்த ரேஞ்சர்தான், நல்ல மனிதர். தேதி எழுதிய சீட்டைக் காட்டினேன், போய்விட்டார். பி.எல்.எம். நிலத்தில் பொதுவாக 28 நாளில் 14 நாள்தான் ஓரிடம், பிறகு நகர வேண்டும். வந்த தேதியை டாஷ்போர்டில் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

போனையும் மறக்காதீர்கள். நீங்கள் எங்கே நின்றாலும் போன் டவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பழைய இடப்பதிவுகளைப் போலீஸ் வாங்க வாரன்ட் வேண்டும் என்று 2018-இல் கார்பென்டர் வழக்கில் சொல்லிவிட்டார்கள். ஆனால் போனிலுள்ள ஆப்கள் விற்கும் இடத் தகவலை வாங்க யாருக்கும் காசு இருந்தால் போதும். முதலில் அதை அணையுங்கள்.

மணல்மேடு எழுதியது:

நெடுவழி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே, அன்றாடம் நாம் தேடும் தனிமை ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ஆர்.வி. பார்க் என்றால் தனிமை என்று நினைத்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். பக்கத்து வண்டி சில இடங்களில் பத்தடி தூரத்தில் நிற்கும். சுவர் இரண்டு அங்குலத்துக்குள்தான். பக்கத்து வண்டித் தாத்தா விடியற்காலையில் இருமுவது எனக்குத் தலையணைக்குப் பக்கத்தில் கேட்டது. அவருக்கு எங்கள் சண்டையெல்லாம் கேட்டிருக்கும். அபார்ட்மென்டில் யாருக்கும் யாரையும் தெரியாது. இங்கே நீங்கள் வந்து இரண்டு மணி நேரத்துக்குள் எந்த ஊர், எத்தனை வருடம், தனியாகவா என்று மூன்று பேர் கேட்டுவிடுவார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனால் ஒளிந்திருக்க வந்தவருக்கு அந்த அன்பே பாரம்.

பாலைவனத்தில் கதை வேறு. அங்கே கால் மைல் தள்ளி ஒரு வண்டி நின்றால் நெருக்கம் என்று தோன்றும். முதல் வாரம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒரு ராத்திரி தண்ணீர்க் கேனை எடுக்க வெளியே போய்விட்டுத் திரும்பிப் பார்த்தேன். வண்டிக்குள் விளக்கு எரிகிறது, திரை போடவில்லை. என் வீட்டுக்காரர் வெங்காயம் நறுக்குவது, அவர் மூக்கைத் துடைத்துக்கொள்வது எல்லாம் சினிமாத் திரை மாதிரி அரை மைலுக்குத் தெரிகிறது. சுற்றிலும் இருட்டு, நாங்கள் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள். அன்றைக்கே ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளவெடுத்து, வெள்ளிநிறக் காப்புத் தாளை வெட்டிச் செருகினேன். பொழுது சாயும் முன் செருகிவிடுவது இப்போது சாமி விளக்கு ஏற்றுவது மாதிரி பழக்கமாகிவிட்டது.

தனியாக வரும் பெண் என்பதால் இன்னும் இரண்டு. நிறைய பேர் வண்டிக்கு வெளியே பெயரும் ஊரும் செதுக்கிய மரப் பலகையை மாட்டுவார்கள். அழகாக இருக்கும், நீங்கள் மாட்டாதீர்கள். படம் போடுவதாக இருந்தால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று ஒரே ஒருவருக்கு மட்டும், உங்கள் அக்காவுக்கே இருக்கட்டும், தினமும் தெரிய வேண்டும்.

இரவுப்பணி எழுதியது:

நான் எட்டு மாதம் நகரத்துக்குள்ளேயே வண்டியில் இருந்தேன். கடைப் பார்க்கிங், தெருவோரம், ஜிம் வாசல். வாடகை பூஜ்யம். காகிதத்தில் இங்கே எழுதியவர்களிலேயே அதிகம் மிச்சம் பிடித்தது நானாகத்தான் இருக்கும்.

அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு ராத்திரியும் பத்து மணிக்குப் போய் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். விளக்குப் போட முடியாது, சமைத்தால் வாசனை வெளியே போகும், தும்மினால்கூட வாயைப் பொத்திக்கொள்வேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, உண்மைதான். ஆனால் நான்தான் ராத்திரி முழுக்க ஒவ்வொரு காலடிச் சத்தத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அதைத் தனிமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு முறை வண்டியை டோ பண்ணி, அதாவது இழுத்துக்கொண்டு போய், அடைத்துவிட்டார்கள். வீடு, துணி, மாத்திரை எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம். மீட்க ஒரு தடவைக்கு 600 டாலருக்கு மேல்.

2024-இல் கிரான்ட்ஸ் பாஸ் வழக்கில், பொது இடத்தில் படுத்துத் தூங்குவதற்கு நகரங்கள் அபராதம் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்த பிறகு நகரங்களின் கை ஓங்கித்தான் இருக்கிறது. தெருவில் வண்டி நிறுத்தித் தூங்குவதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோரும் எழுதியதைப் படித்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. பணம் மிச்சமாக வேண்டுமென்றால் நிற்க வேண்டும். கண்ணில் படாமல் இருக்க வேண்டுமென்றால் நகர வேண்டும். மாத வாடகைக்குப் பார்க்கில் நின்றால் மலிவு, ஆனால் அலுவலகத்தில் பெயர், நம்பர் பிளேட், வந்த தேதி எல்லாம் பதிவேட்டில் ஏறிவிடும். பக்கத்தில் பத்தடியில் ஆள். 14 நாளுக்கு ஒருமுறை நகர்ந்தால் தேடி வர முடியாது, ஆனால் பெட்ரோல், தேய்மானம், தண்ணீர், டம்ப் எல்லாம் கூடும். இரண்டையும் ஓரளவு சேர்த்துத் தருவது மணல்மேடு அக்கா இருக்கும் குவார்ட்ஸைட் மாதிரி இடம் மட்டும்தான் போலிருக்கிறது. அதற்கு விலை, வெயில் வரும்போது கிளம்பியாக வேண்டும், ஐம்பது பவுண்டு கேனைத் தூக்க வேண்டும்.

வாடகைவாசி, இந்த இரண்டில் உங்களுக்கு எது முதலில் என்று முடிவு செய்தால் எந்த வண்டி, எவ்வளவு பணம் என்பது தானாக வரும். எனக்கென்னவோ உங்களுக்குப் பணம் இரண்டாவதுதான் என்று படுகிறது.

வாடகைவாசி எழுதியது:

ஆமாம் அண்ணா. பணம் இரண்டாவதுதான். எழுதும்போது எனக்கே அது சரியாகத் தெரியவில்லை.

முடிவு சொல்கிறேன். முகவரி ரகசியத் திட்டத்துக்கு இன்று காலை போன் செய்தேன், படிவம் அனுப்புகிறார்கள். அந்த வேலை முடியும்வரை 36,000 டாலர் வண்டியில் கை வைக்கப்போவதில்லை. பிப்ரவரியில் 12 நாளைக்கு இதே அளவு கிளாஸ் சி ஒன்றை வாடகைக்கு எடுக்கிறேன். ஒன்பது நாள் பாலைவனத்தில், இணைப்பு இல்லாமல், வேலை நாட்களும் சேர்த்து. தண்ணீர் எத்தனை நாள் வருகிறது, தூக்கம் வருகிறதா, மீட்டிங்குக்கு இன்டர்நெட் தாங்குகிறதா என்று நோட்டுப் போட்டு எழுதி இங்கே வந்து சொல்கிறேன். மணல்மேடு அக்கா, நீங்கள் அப்போது அங்கே இருந்தால் ஒரு டீ குடிக்கலாமா?

மணல்மேடு எழுதியது:

டீ என்ன, சாப்பாடே போடுகிறேன் வாங்க. தனிச்செய்தியில் எழுதுங்கள், இங்கே இடத்தைச் சொல்லாதீர்கள்.

வாடகை வண்டியை ஒப்படைத்த பிறகு அந்தப் பழைய வண்டியைப் பார்க்கப் போனால் இதை மட்டும் செய்யுங்கள். மழை பெய்து ஓய்ந்த நாளாகப் பார்த்துப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடங்கள். ஷவர் பக்கத்துத் தரை, கதவோரம், படுக்கைக் கால்மாடு, இந்த மூன்று இடத்திலும் குதிகாலால் அழுத்துங்கள். பிஸ்கட் நனைந்த மாதிரி அமுங்கினால் உள்ளே மரம் உளுத்துவிட்டது. அப்புறம் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கும் படுக்கையின் மெத்தையைத் தூக்கி, மூலைகளில் கையை வைத்துப் பாருங்கள். கிளாஸ் சி-யில் முதலில் ஒழுகுவது அந்த மூலைதான். எங்களுக்கும் அங்கேதான் ஒழுகியது. புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் அந்த வண்டி வேண்டாம். கூரைமேல் ஏறிச் சீலன்டைப் பார்க்க விடவில்லை என்றாலும் வேண்டாம். டயரில் அந்த நான்கு இலக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.